அருஷா தீர்ப்பாயமும் புல்தரை மன்றமும்: ருவாண்டா கண்ட இரு வழிகள்

1994 இல் ருவாண்டாவில் சிறுபான்மைத் துட்சி இன மக்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்ட பின், நீதி இரு வழிகளில் தேடப்பட்டது. ஐ.நா. பாதுகாப்பு அவை அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயம், தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கி, 93 பேர் மீது மட்டுமே குற்றம் சாட்டி, 2015 இறுதியில் மூடப்பட்டது. எனினும் முன்னாள் பிரதமர் ஜான் கம்பாண்டாவுக்கே ஆயுள் தண்டனை விதித்தது. 1998 இல், பாலியல் வன்முறையும் இனப்படுகொலையாகலாம் என்று முன்னாள் மேயர் அக்காயெசு மீதான வழக்கில் தீர்ப்பளித்தது.

மற்றொன்று, புல்தரையைக் குறிக்கும் பெயர்கொண்ட கச்சாச்சா மன்றம். ஊரார் தேர்ந்தெடுத்தவர்கள் தோளில் பட்டை அணிந்து பெஞ்சில் அமர, கணவனை இழந்தவளும் கொன்றவனும் ஒரே திடலில் எதிரெதிரே நின்று பேசினர், வழக்கறிஞர் கிடையாது. 2012 இல் முடிவடையும் முன் சுமார் 12,000 மன்றங்கள் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை விசாரித்தன. பொய்ச்சாட்சியமும் பழிதீர்ப்பும் புகுந்தன என்பது மெய்யே. ஆயினும் உடல்கள் புதைக்கப்பட்ட இடங்கள் பல அங்கேதான் தெரியவந்தன என்பதால், உற்றாரை இழந்தவர்களுக்கு அதுவே நெருக்கமான வழி என்று கருதுகிறேன். போரில் வெற்றிபெற்று ஆட்சியைப் பிடித்த துட்சி தலைமையிலான படையினர் செய்த கொலைகளுக்காக இரண்டுமே எவரையும் தண்டிக்கவில்லை.