ரிவர்ஸ்டோனா, டல்லவாங்கா, பாக்ஸ் ஹில்லா? சிட்னியின் வடமேற்கு ஓரத்தில் வீடு தேடுபவர்களுக்கு

அண்ணன் மகனும் அவன் மனைவியும் வீடு பார்க்கிறார்கள். ஒரு சனிக்கிழமை முழுவதும் அவர்களோடு காரில் சுற்றினேன். மூன்று ஊர்கள், பதினொரு மாதிரி வீடுகள், எல்லாவற்றிலும் அதே வெள்ளைக் கல் பதித்த சமையல் மேடை. சாயங்காலம் திரும்பும்போது, "மூன்றும் ஒன்றுதானே சித்தப்பா, மலிவாகக் கிடைப்பதை எடுத்துவிடலாமா?" என்றான். வீட்டுக்குள்ளேயே நின்று பார்த்தால் ஒன்றுதான். வெளியே வந்து எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று கேட்டால் மூன்றும் மூன்று திசையில் நிற்கும்.

ஒரு தலைமுறைக்கு முன்வரை இந்தப் பக்கம் முழுக்க ஐந்து ஏக்கர் பத்து ஏக்கர் துண்டுகள். கோழிப்பண்ணை, காய்கறித் தோட்டம், குதிரை. மால்டாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் பல இங்கே மண்ணைக் கொத்தின. இப்போது அதே நிலம் முந்நூறு சதுர மீட்டர் மனைகளாகிவிட்டது.

ரிவர்ஸ்டோனுக்கு ரயில் வந்தது 1864இல். பிளாக்டவுனிலிருந்து ரிச்மண்டுக்குப் போட்ட பாதை அது. 1878இல் பெஞ்சமின் ரிச்சர்ட்ஸ் அங்கே இறைச்சித் தொழிற்சாலை தொடங்கினார். அதை நம்பி ஊர் வளர்ந்தது. ஆலை மூடிப் பல காலமாகிவிட்டது. ஊர் மட்டும் ஊராகவே நிற்கிறது: கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள், மதுக்கூடம், நிழல் தரும் கிழட்டு மரங்கள்.

டல்லவாங்கில் ரயிலும் வீடும் கிட்டத்தட்டக் கைகோத்து வந்தன. 2019 மே 26 அன்று ஓட்டுநர் இல்லாத மெட்ரோ அங்கிருந்து சாட்ஸ்வுட் வரை ஓடத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் அது நகர மையத்தைக் கடந்து சிடனம் வரை நீண்டது. டல்லவாங் என்ற புறநகர்ப் பெயரே 2020இல் வைத்ததுதான். அந்தச் சமயத்தில் பிளாக்டவுன் மாநகராட்சி ஆறு புதுப் பெயர்களைச் சூட்டியது. அவற்றில் ஒன்று ரிச்சர்ட்ஸ்.

பாக்ஸ் ஹில்லில் வீடுகள் முந்திக்கொண்டன. ரயில் இல்லை. வின்ட்சர் சாலைதான் உயிர்நாடி, காலை ஏழரை மணிக்கு அதுவே தொண்டையில் சிக்கிய முள். (மெல்பர்னிலும் ஒரு பாக்ஸ் ஹில் உண்டு. அங்கே ரயில் இருக்கிறது. இணையத்தில் தேடும்போது குழம்பிவிட வேண்டாம்.) பாக்ஸ் ஹில்லின் பெரும்பகுதி பிளாக்டவுன் மாநகராட்சியில் சேராமல் தி ஹில்ஸ் ஷையர் என்ற பக்கத்து உள்ளாட்சியில் சேர்கிறது. அந்தப் பெயருக்கென்றே விலையில் ஒரு கூடுதல் இருக்கிறது. முகவர்கள் அதை மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை சொல்கிறார்கள். வீடு என்று மட்டும் பார்த்தால் பாக்ஸ் ஹில் வீடுகள்தான் மூன்றிலும் அழகு. அதை மறைக்க முடியாது. இரண்டு கார், வீட்டிலிருந்தே வேலை என்றால் அங்கே போவதில் தவறில்லை.

மற்றவர்களுக்கு, எந்த ரயில் எங்கே போகிறது என்பதில்தான் முடிவு இருக்கிறது. மெட்ரோ ரவுஸ் ஹில், காசில் ஹில், மக்வாரி பார்க், சாட்ஸ்வுட் என்று போகிறது. நெரிசல் நேரத்தில் நான்கு நிமிடத்துக்கு ஒன்று. கால அட்டவணை பார்க்கவே வேண்டாம். ஆனால் அது மேற்கு சிட்னியின் மையமான பரமட்டாவைத் தொடுவதில்லை. மெட்ரோ ஓரத்தில் குடியிருந்துகொண்டு பரமட்டா போக வேண்டுமானால் ரவுஸ் ஹில்லில் பஸ் ஏற வேண்டும். அதற்கென்று 2007இல் போட்ட தனிப் பஸ் பாதை இருக்கிறது, மோசமில்லை. ஆனாலும் பஸ் பஸ்தான்.

ரிவர்ஸ்டோன் ரயில் பிளாக்டவுன், வெஸ்ட்மீட், பரமட்டா வழியாகப் போகிறது. லெப்பிங்டன் பக்கம் போகும் இன்னொரு வண்டியில் ஏறினால் டுங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க நம் ஆட்கள் போகும் நிலையங்கள் வரிசையாக வரும். வெஸ்ட்மீடில் இறங்கினால் மேஸ் ஹில் முருகன் கோவிலும் தூரமில்லை. குறை என்னவென்றால், ஸ்கோஃபீல்ட்ஸைத் தாண்டியதும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்வண்டிக்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு வண்டியைத் தவறவிட்டால் அரை மணி நேரம் நடைமேடையில் மாக்பை பறவைகளோடு பேசிக்கொண்டிருக்கலாம். கார்ஃபீல்ட் சாலையில் உள்ள ரயில்வே கேட் வேறு ஊரை இரண்டாக வெட்டுகிறது. மேம்பாலப் பேச்சு பல காலமாக நடக்கிறது.

அண்ணன் மகனுக்கு வேலை மக்வாரி பார்க்கில். அவன் மனைவி வெஸ்ட்மீட் மருத்துவமனையில் செவிலியர், இரவு முறையும் உண்டு. சிக்கலைப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். இதில் நான் கறாராக இருப்பேன். இந்த ஊர்களை ஒட்டிய ஹாக்ஸ்பரி–நெப்பியன் பள்ளத்தாக்குக்குள் ஆறுகள் பல வழியாக வந்து சேர்கின்றன, வெளியேறும் வழியோ குறுகிய மணற்பாறைக் கணவாய் ஒன்றுதான். அடைத்த குளியல் தொட்டி போல நீர் பின்னோக்கி ஏறி, சவுத் கிரீக், ஈஸ்டர்ன் கிரீக் ஓடைகளுக்குள்ளும் புகுந்துவிடும். 1867இல் பக்கத்து வின்ட்சரில் ஆறு 19 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அந்த வெள்ளத்தில் ஈதர் என்ற ஒரே குடும்பத்தில் பன்னிரண்டு பேர் போனார்கள். 2021 மார்ச், 2022 மார்ச், 2022 ஜூலை மூன்று முறையும் 14 மீட்டரைக்கூடத் தொடவில்லை, அதற்கே அவ்வளவு அமளி. பக்கத்து மார்ஸ்டன் பார்க் வடக்கில் வீடு கட்டும் திட்டத்தை 2023 அக்டோபரில் மாநில அரசே கைவிட்டது. காரணம் இந்த வெள்ளம்தான்.

மூன்றில் ஆபத்து அதிகம் ரிவர்ஸ்டோனின் தாழ்ந்த தெருக்களுக்கு. மேட்டுத் தெருவுக்கும் பள்ளத்துத் தெருவுக்கும் நடுவே ஐந்து நிமிட நடைதான், ஆனால் காப்பீட்டுத் தவணையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாக்ஸ் ஹில் பொதுவாக மேடு, ஓடையோரம் மட்டும் கவனம். எங்கே வாங்கினாலும், மனைக்கு என்னென்ன கட்டுப்பாடுகள் என்று சொல்லும் 10.7 திட்டச் சான்றிதழை வழக்கறிஞர் படித்துவிட்டார் என்று விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். கையெழுத்திடும் முன்பே காப்பீட்டு விலையும் கேளுங்கள்.

ரிவர்ஸ்டோனில் இன்னொரு பழைய வினோதமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வரைபடத்தில் தெருக்கள் வரைந்து மனைகளை விற்றுவிட்டார்கள். சாலையும் சாக்கடையும் வரவேயில்லை. கட்ட அனுமதி இல்லாத அந்தக் காகித மனைகள் நூறாண்டுக்கு மேல் கைமாறிக்கொண்டேயிருந்தன. "மனை அடிமாட்டு விலைக்கு வருகிறது" என்று யாராவது தொலைபேசினால் முதலில் இதைக் கேளுங்கள்.

வெயில் மூன்றுக்கும் பொது. கடற்காற்று இவ்வளவு தூரம் எட்டிப்பார்ப்பதில்லை. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி. கருப்புக் கூரைகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய புதுத் தெருக்களில் ஒரு வேப்பமர அகல நிழல்கூடக் கிடையாது. இதில் பழைய ரிவர்ஸ்டோனுக்கு ஈடு இல்லை. மருத்துவமனையோ, ரவுஸ் ஹில்லுக்கு 2015இலேயே வாக்களித்தார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த நிலம் நிலமாகவே கிடந்தது. ஆகவே "விரைவில்" என்று பலகையில் எழுதியிருப்பதற்கு நான் ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் தரமாட்டேன்.

என் ஓட்டு ரிவர்ஸ்டோனின் மேட்டுப் பக்கத்துக்கு. இரவு முறை முடிந்து வருபவளுக்கு நேர் ரயில் வேண்டும். அவன் சில கிலோமீட்டர் காரில் போய் டல்லவாங் நிலையத்தில் நிறுத்திவிட்டு மெட்ரோ பிடிக்கலாம். அங்கே ஆயிரம் கார்கள் நிற்க இடமுண்டு, சீக்கிரம் எழுந்தால். இருவருக்கும் மக்வாரி பார்க் பக்கமே வேலை என்றால் மறுபேச்சில்லாமல் டல்லவாங் என்றிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். இந்த முறை காரை வீட்டில் விட்டுவிட்டு ரயிலில் வரச் சொல்லியிருக்கிறேன். நிலையத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை, பிற்பகல் இரண்டு மணிக்கு, நடந்து.