வெள்ளைக் கிறீமா, வெயில் கிறீமா? விறாந்தையில் நடந்த வழக்குகள்

சித்தியின் மகன் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர். சித்திரை வருடப்பிறப்புக்கு அவன் திருகோணமலைக்கு வந்துவிட்டால், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தை இரண்டு நாளைக்கு எங்களுடையது இல்லை. கைவிசேடம் வாங்க வருகிற சொந்தமெல்லாம் கன்னத்தையும் வயிற்றையும் காட்டி ஆலோசனையும் வாங்கிக்கொண்டுதான் போகும்.

பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றால் வாளி செய்கிற பிளாஸ்டிக்கை உடம்புக்குள் வைத்துத் தைப்பது என்று அம்மா நெடுநாள் நம்பியிருந்தா. பிசைந்து உருவம் கொடுப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. வாளிப் பிளாஸ்டிக் பிறக்க முன்னமே இந்த வைத்தியத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. தம்பியின் அன்றாட வேலையும் மூக்கை எடுப்பாக்குவது அல்ல. எரிகாயம், நசுங்கிய கை, பிள்ளைகளின் உதட்டுப் பிளவு, இவைதான் அதிகம். வடிவு பற்றிய கேள்விகள் ஊருக்கு வந்தால்தான் இப்படிக் குவிகின்றன.

யார் வந்து எதைக் கேட்டாலும் அவன் இரண்டு விடயங்களைப் பார்க்கிறான். பிழைத்தால் திரும்பி வர வழி இருக்கிறதா? தோலில் தெரிவதற்குக் காரணம் உடம்புக்குள் எங்கேயாவது கிடக்கிறதா? இந்த வருடம் நான் பக்கத்திலிருந்து கேட்டவற்றை அந்த இரண்டையும் தராசாக வைத்து எழுதுகிறேன். தீர்ப்புகள் எல்லாம் அவனுடையவை அல்ல. சிலது என்னுடையது.

கன்னத்துக் கருமை

மச்சாள் நிலாவெளிப் பக்கம் படிப்பிக்கிறா. கடற்கரை வீதியால் தினமும் ஸ்கூட்டரில் போய் வருவா. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் கருமை படர்ந்துவிட்டது. மங்கு என்பார்கள், வைத்தியர்கள் மெலாஸ்மா என்பார்கள். அவவின் கைப்பையில் ஏற்கனவே ஒரு சின்ன டப்பா இருந்தது. மூடியில் ஒரு பெண்ணின் படம். உள்ளே என்ன இருக்கிறது என்றோ யார் செய்தது என்றோ ஓரெழுத்து இல்லை. "ரெண்டு கிழமையிலயே பளிச்செண்டு வந்துது தம்பி" என்று சாட்சியும் சொன்னா.

அந்த இரண்டு கிழமைதான் பொறி. இப்படியான டப்பாக்களில் பெரும்பாலும் சிக்குவது வீரியமான ஸ்டீரொயிட், அல்லது பாதரசம், சிலவேளை இரண்டும். ஸ்டீரொயிட் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும். அதனால் முகம் வெளிறித் தெரியும். மாதங்கள் போகத் தோல் மெலிந்து சிவப்பு நூல் நூலாகக் குழாய்கள் தெரியத் தொடங்கும், பருக்கள் வரும், பூனை முடி வளரும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து முன்னையை விட மோசமாகும். அந்தப் பயத்திலேயே மறுபடி பூசுவார்கள். பாதரசம் வேறு வழியால் வருகிறது. தோலில் நிறமியை உண்டாக்கும் நொதியை அது முடக்குகிறது, பிறகு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. முகத்துக்குப் பூசியவருக்குக் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய், கடைசியில் சிறுநீரக கிளினிக்கில் காரணம் தெரியவருவது உண்டு. துவாய், தலையணை வழியாக வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். லேபலில் கலோமல் என்றோ மெர்கியூரி என்று தொடங்கும் பெயரோ இருந்தால் வாங்கவே கூடாது. லேபலே இல்லாவிட்டால் யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்த போட்டியாளர் குளுட்டதயோன் ஊசி. வெளிநாட்டிலிருந்து வரும் கலியாணப் பெண்கள் வழியாக ஊருக்குள் வந்த பேச்சு இது. தோலை வெள்ளையாக்க என்று அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் இதுவரை எந்த ஊசியையும் அனுமதிக்கவில்லை. நாளத்துக்குள் ஏற்றியதைத் திருப்பி எடுக்கவும் முடியாது. தம்பி இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவழிக்கவில்லை, நானும் செலவழிக்கவில்லை.

லேசரும், அமிலம் பூசித் தோலின் மேற்படையை உரிக்கும் கெமிக்கல் பீலும் கொஞ்சம் மரியாதைக்குரியவை. தக்க கையில் சில தோலுக்கு உதவும். ஆனால் எங்கள் மாநிறமும் கறுப்பும் சூட்டுக்கோ புண்ணுக்கோ உடனே கருமையால் பதில் சொல்லும் தோல். நுளம்பு கடித்த இடமே மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கிறது, லேசரின் சூடு பட்டால் சும்மா விடுமா? அழிக்கப் போன திட்டு இரட்டிப்பாகி வந்த முகங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். மங்குக்கு இவை கடைசி வரிசை.

மிஞ்சியது வெயில் கிறீம். பளிச்சென்று எதுவும் செய்யாது, அதுதான் அதன் பலவீனம். எஸ்பிஎஃப் என்று டியூப்பில் போட்டிருக்கும் தடுப்பு எண் 30 உள்ளதைச் சரியாகப் பூசினால் சூரியனின் யூவி-பி கதிரில் ஏறத்தாழ 97 வீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. இந்த ஒரு வீதத்துக்காக இரட்டைக் காசு கொடுப்பதை விட, வாங்கியதைத் தாராளமாகப் பூசுவது மேல். முகத்துக்கும் கழுத்துக்கும் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். நாங்கள் பூசுவது அதில் கால்வாசிகூட இல்லை. வெளியே நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி. கண்ணுக்குத் தெரியும் ஒளியே மங்குக் கருமையைக் கூட்டும் என்பதால், இரும்பு ஒக்சைட் கலந்த தோல்நிற வெயில் கிறீம் நிறம் சேர்க்காத வெயில் கிறீமை விட இதற்குப் பொருத்தம். எங்கள் ஊரில் வெயில் ஓய்ந்த மாதம் என்று ஒன்றில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் மணல் திருப்பியடிக்கும் வெளிச்சமே முகத்தைச் சுடும். ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி விடுவது இலவசம்.

இதோடு தோல் வைத்திய நிபுணர் எழுதித் தரும் கருமை குறைக்கும் பூச்சுகளான அசெலாயிக் அமிலமோ, சில மாதத்துக்கு மட்டும் ஹைட்ரோகுயினோனோ சேரலாம். ஹைட்ரோகுயினோனை வருடக்கணக்கில் பூசினால் நீலக்கறுப்பாகத் திட்டு விழும், அது லேசில் போகாது. அதனால்தான் "சில மாதம்" என்பதை அவன் இரண்டு தரம் சொன்னான். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். மச்சாளின் முகம் விழுந்துவிட்டது. இரண்டு கிழமையோடு பன்னிரண்டு கிழமை போட்டிபோட்டு வெல்வது கஷ்டம்தான். ஆனாலும் இந்த வழக்கில் எனக்குச் சந்தேகமே இல்லை. கலியாணப் பேச்சில் "பிள்ளை என்ன நிறம்" என்று முதலில் கேட்கிற எங்கள் சனத்துக்கும் இந்த டப்பாவில் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வயிறு: உறிஞ்சுவதா, வெட்டித் தைப்பதா, நடப்பதா?

மாமா வந்தார், சேட்டைத் தூக்கினார், "இதை உறிஞ்சி எடுக்கலாமே?" என்றார். தம்பி விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். தவில் மாதிரி இறுக்கம். லைப்போசக்ஷன் உறிஞ்சுவது தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கொழுப்பை. மாமாவின் கொழுப்பு தசைக்கு அந்தப் பக்கம், குடலையும் ஈரலையும் சுற்றிக் கிடக்கிறது. அங்கே குழாய் போகாது, போகவும் கூடாது. சீனி வருத்தத்தையும் இருதய வருத்தத்தையும் கொண்டுவருவது அந்த உள்கொழுப்புத்தான். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80க்கும் மேலே போனால் கவனம் வேண்டும் என்பது கணக்கு. மாமாவுக்கு அம்மாவின் தையல் நாடா போதவில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் மிச்சம் அதிகமில்லை.

சரி, வெளிக்கொழுப்பையாவது எடுத்தால் உடம்புக்கு நல்லதுதானே? 2004இல் அமெரிக்காவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பருமனான பதினைந்து பெண்களுக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோக் கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில வாரங்கள் கழித்துப் பார்த்தால் இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ பிறசரிலோ மாற்றமே இல்லை. பத்துக் கிலோவை நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் இறக்கியிருந்தால் இரண்டும் சீராகியிருக்கும். ஆகவே மாமாவுக்குத் தீர்ப்பு: டச்சுக்குடா ஓரமாகக் காலையில் நடை, இரவுப் புட்டில் பாதி, முதலில் ஒரு சீனிப் பரிசோதனை. மாமா மனமில்லாமல் எழுந்து போய்ப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தங்கச்சியின் வயிறு வேறு கதை. இரட்டைப் பிள்ளை பெற்றவள். உடம்பு மெலிவு, ஆனால் வயிற்றுத் தோல் மட்டும் மடிந்து தொங்குகிறது, நடுவில் தசை பிளந்து நிற்கிறது. மல்லாக்கப் படுத்துத் தலையை மட்டும் தூக்கச் சொல்லித் தொப்புளுக்கு மேலே விரல் வைத்துப் பார்த்தான். மூன்று விரல் இறங்கியது. இதற்கு உறிஞ்சினால் காற்றுப்போன பலூன் போலத் தோல் இன்னும் தொய்யும். தசைகளைச் சேர்த்துத் தைத்து, மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சைதான் பொருந்தும். விலை என்ன? இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மற்ற எலும்பு வரைக்கும் ஒரு நிரந்தரத் தழும்பு. முழு மயக்கம். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து, அதனால்தான் வலித்தாலும் சீக்கிரமே எழுப்பி நடக்க விடுகிறார்கள். ஆறு கிழமை கிணற்று வாளி தூக்கக் கூடாது, பிள்ளையையும் தூக்கக் கூடாது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் இப்போது செய்வது வீண். நிறை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். புகைப்பவராயின் நாலு கிழமைக்கு முன்னரே நிறுத்த வேண்டும். நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கினால் தைத்த தோலின் ஓரம் கறுத்துச் செத்துப்போகும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் அதே நிக்கொட்டின்தான்.

இங்கே எனக்கும் அவனுக்கும் சின்ன வாக்குவாதம். முதலில் பிசியோதெரபி, ஒரு வருடம் பார்ப்போம் என்பது அவன் கட்சி. திரும்பி வரக்கூடிய வழியை முதலில் நடந்து பார்க்க வேண்டும் என்கிறான். நியாயம்தான். ஆனால் முதுகுவலியோடு பாடசாலையும் வீடும் இரண்டு வாலுகளுமாக ஓடுகிறவளுக்கு அந்த ஒரு வருடப் பயிற்சியை யார் நேரம் கொடுத்துச் செய்யவிடப் போகிறார்கள்? ஊர் இதை "வடிவுக்குச் செய்யிறது" என்று முணுமுணுக்கும் என்ற பயமும் அவளுக்கு இருக்கிறது. தசை பிளந்து கிடப்பதைச் சேர்த்துத் தைப்பது வெறும் வடிவுக்காக அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். பிசியோவைத் தொடங்கியிருக்கிறாள். பார்ப்போம்.

நாடி முடி, நெற்றிச் சுருக்கம்

பெறாமகளுக்கு நாடியில் கட்டையான முடி. நூல் போடுவது மலிவு, ஆனால் ஓயாத வேலை. வக்ஸ் இழுத்தால் எங்கள் தோலில் புள்ளி புள்ளியாகக் கறுப்பு விழும். லேசர் ஆறு முதல் எட்டுத் தடவை, மாதத்துக்கொன்று என்று போகும்; முடி வெகுவாகக் குறையும், அடியோடு போகும் என்பது விளம்பரப் பேச்சு. கறுத்த தோலுக்கு 1064 நனோமீற்றர் என்டி-யாக் வகை பாதுகாப்பு அதிகம், ஏனென்றால் அதன் ஒளியைத் தோலின் நிறமி குறைவாக உறிஞ்சுகிறது. எந்த மெஷின் என்று கேட்டால் பதில் வராத இடத்தில் படுக்கக் கூடாது. கடலில் குளித்துக் கறுத்த கிழமையில் போகவும் கூடாது.

ஆனால் தம்பி லேசர் பக்கமே போகவில்லை. "மாதவிடாய் ஒழுங்கா வருதா பிள்ளை?" என்றுதான் கேட்டான். வருவதில்லை. சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் உள்ளே ஹோமோன் முடியை விதைத்துக்கொண்டே இருக்கும், வெளியே லேசர் அறுத்துக்கொண்டே இருக்கும். இரத்தப் பரிசோதனை முதலில், மகப்பேற்று வைத்திய நிபுணர் அடுத்தது, லேசர் அதற்குப் பிறகு.

லண்டன் மச்சாள் கேட்ட, சுருக்கத்துக்குப் போடும் போடொக்ஸ் ஊசி, குழியை நிரப்பும் ஃபில்லர் ஊசி பற்றிச் சுருக்கமாக. போடொக்ஸ் தசையை மூன்று நாலு மாதம் ஓயவைக்கும், பிறகு தானே தேயும். ஹயலூரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் இரத்தக் குழாய்க்குள் தவறிப் போனால் தோல் அழுகும், அரிதாகப் பார்வையும் போகும். அந்த மாற்று மருந்தைக் கையில் வைத்திருக்காத சலூனில் குத்திக்கொள்ளவே கூடாது. சிலிக்கோன் எண்ணெய் ஏற்றுகிறவர்களும் உண்டு. அதற்குத் திரும்பி வரும் வழி கிடையாது.

அம்மாவின் காது

கடைசி வழக்குத்தான் எங்கள் வீட்டு வழக்கு. நாற்பது வருடம் பாரமான தோடு தொங்கி, அம்மாவின் இடது காது ஓட்டை நீண்டு, கீழே நூலளவு சதைதான் மிச்சம் இருந்தது. வலது காது கொஞ்சம் பரவாயில்லை.

பின்பக்கம் ஒட்டும் பிளாஸ்டர் ஒரு கலியாண வீட்டுக்குத் தாங்கும், வியர்த்தால் கழரும். சில பார்லர்களில் "தையல் இல்லாமல்" என்று ஓட்டையின் உட்புறத்தில் அமிலம் பூசிப் புண்ணாக்கி ஒட்ட வைக்கிறார்கள். அளவாகப் பட்டால் ஒட்டும், கூடினால் காதே வெந்துபோகும். தையல்தான் நேரான வழி: விறைப்பூசி போட்டு, ஓட்டையின் ஓரத் தோலைச் சீவி எடுத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைப்பது. ஒரு காதுக்கு அரை மணித்தியாலம் வரை. ஒரு கிழமை அளவில் நூல் வெட்டு. வடிவுக்காகச் செய்யப்படுபவற்றில் இவ்வளவு குறைந்த ஆபத்தில் இவ்வளவு நிறைவு தருவது வேறெதுவும் இல்லை என்பது என் கட்சி.

ஒரு தடை உண்டு. குடும்பத்தில் யாருக்காவது காது குத்திய இடத்திலோ ஊசி போட்ட தோளிலோ தழும்பு உருண்டு புடைத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீலோயிட் என்பார்கள். அதை வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முன்னையைவிடப் பெரிதாக முளைக்கும். மாதமொன்றாக ஸ்டீரொயிட் ஊசி, சிலிக்கோன் பட்டி என்று நெடுக மல்லுக்கட்ட வேண்டும். அம்மாவின் சிசேரியன் தழும்பைத் தடவிப் பார்த்தான், மட்டமாக இருந்தது. சீனியும் கட்டுப்பாட்டில். மாசி மாதத்தில் அவன் வேலை செய்யும் ஊரிலேயே வைத்துத் தைத்தாயிற்று; சித்திரைக்கு வந்தபோது காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

இப்போது பிரச்சினை புது ஓட்டை. இரண்டு மூன்று மாதம் பொறுத்து, தழும்பை விட்டுத் தள்ளிக் குத்த வேண்டும் என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. கிளினிக்கில் குத்தலாம் என்கிறான் தம்பி. நாலு வயதில் தனக்குக் காது குத்திய பத்தரின் மகன் இன்னும் கடையில் இருக்கிறான், அவனிடம்தான் என்கிறா அம்மா. ஊசியைக் கொதிநீரில் போடச் சொல்லுவாவாம். கல்லு வைத்த பழைய தோட்டையும் அலுமாரியிலிருந்து எடுத்து மினுக்கி வைத்திருக்கிறா.