சேர்வராயன் மலையில் மழை நடை: குடையா, பாஞ்சோவா, ஜாக்கெட்டா?

ஐப்பசியில் முதுகுப்பையோடு மூன்று நாள், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைச் சுற்றி நடக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, மழைக்கு எதைப் போட்டுக்கொள்வது என்றுதான். கடையில் கேட்டால் விலை கூடிய ஜாக்கெட்டை எடுத்து வைப்பார்கள். நான் குடையைச் சொல்வேன், பையில் ஒரு பாஞ்சோவும் (தலை வழியாக மாட்டும் அகலமான மழைப்போர்வை) இருக்கட்டும்.

சேலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். குப்பனூர் பக்கமிருந்து கொட்டச்சேடு வழியாகப் போனாலும் சரி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினாலும் சரி, முதல் நாளே 1200 மீட்டர் ஏற்றம். மேலே சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சிதான், ஆனால் கீழ்ப்பாதியில் புழுக்கம் போகாது. ஜாக்கெட் தோற்பது அங்கேதான். வியர்வை ஆவியை வெளியே விடும் துணி என்று விற்கிறார்கள். அது வேலை செய்ய, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே இருப்பதைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கவேண்டும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவி எங்கே போகும்? பாதி ஏற்றத்தில் கையை மடக்கிப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே சட்டை தோலோடு ஒட்டியிருக்கும். அது மழைத் தண்ணீர் இல்லை, உங்கள் வியர்வை.

குடையில் அந்தத் தொல்லை இல்லை. நாலு பக்கமும் காற்று வரும், கண்ணாடி போட்டவருக்குப் பாதை தெரியும், மழை விட்டதும் மடக்கிக் கம்பாக ஊன்றலாம். மலையில் நடப்பதில் பெரும்பகுதி காபித் தோட்டங்களை ஒட்டிய தார்ச்சாலையும் மண்பாதையும்தான், நாகலூர் பக்கமும் அப்படியே. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் காற்றைத் தடுத்துவிடும். ஆனால் மழை நின்ற பிறகும் அரைமணி நேரம் இலையிலிருந்து பெரிய பெரிய சொட்டாக விழுந்துகொண்டே இருக்கும். அதற்காக ஜாக்கெட்டைப் போட்டுப் போட்டுக் கழற்ற யாருக்குப் பொறுமை இருக்கிறது?

குடையை மூடவேண்டிய இடம் சேர்வராயன் கோயில் மேடு. 1600 மீட்டரைத் தாண்டிய திறந்த புல்வெளி அது. காற்று குடையைத் திருப்பிப்போடும். அதைவிட முக்கியம் இடி. ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும். வெட்டவெளியில் குடை பிடித்து நிற்பது உயிரோடு விளையாடுவது. அந்த மேட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். தூறல் இருந்தால் பாஞ்சோ. அது பையையும் சேர்த்து மூடும், பக்கவாட்டில் காற்றும் போகும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொள்வதும் இதே முறைதான். ஒரே குறை, இறங்கும்போது முன்துணி தொங்கிக் கால் வைக்கும் கல்லை மறைக்கும். பாசி படிந்த பாதையில் அது ஆபத்து. முன்முனையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட்டுக்கும் ஒரு நாள் உண்டு. காற்றழுத்தத் தாழ்வு வந்து நாள் முழுக்கக் காற்றோடு பெய்தால் குளிர் உடம்பை வாட்டும், அப்போது அதுதான் காப்பாற்றும். ஆனால் அந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் நடையையே தள்ளிவைப்பது நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

எதைப் போட்டாலும் பையின் மேலுறையை நம்பாதீர்கள். முதுகை ஒட்டிய பக்கம் திறந்தே இருப்பதால் கழுத்து வழியாக இறங்கும் தண்ணீர் நேரே உள்ளே போகும். பைக்குள் கெட்டியான பாலித்தீன் பை ஒன்றை விரித்து, துணி, போர்வை, பேட்டரி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மறுநாளும் காயாது. ராத்திரிக்கு என்று ஒரு ஜோடி துணியும் காலுறையும் தனியாக இருக்கட்டும், காலையில் எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் ஈரச்சட்டையையே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கூடாரமா, அறையா என்று கேட்டால் யோசிக்காமல் அறை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது, தோட்டங்கள் தனியார் நிலம். மலைக்கிராமத்தில் முன்கூட்டியே சொல்லிவைத்தால் படுக்க இடமும் சூடான சாப்பாடும் கிடைக்கும். பாஞ்சோவைத் திண்ணைக் கொடியில் போட்டுவிட்டால் விடிவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும்.