பெடல் மெசினுக்கு மறுபடி எண்ணெய் போட வைத்த றேடியோ

கட்டாரில் இருந்து லீவில் வந்த மருமகன் "மாமி, இது உங்களுக்கு" என்று கையில் வைத்தபோது, பழைய கல்குலேட்டருக்கு ஏரியல் முளைத்தது போல இருந்தது. டெக்சன் பிஎல்-330. பண்பலை, மத்திய அலை, சிற்றலை எல்லாம் எடுக்கும் சீனத்து றேடியோ. நம்ம காசில் 25 ஆயிரத்துக்குக் கிட்ட வரும் என்றான். "உனக்கென்ன விசரா, எல்லாம்தான் போனில் வருதே" என்று ஏசினேன். மூன்று மாதம் ஆகிறது. அப்படி நான் சொல்லவேயில்லை என்று இப்போது கோணேசர் கோவிலில் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

நான் திருகோணமலை உப்புவெளியில் வீட்டோடு தையல். சட்டை, பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை, கலியாண சீசனில் கண்ணாடி வேலை. கண்ணும் கையும் துணியை விட்டு விலகாத தொழில். போனில் பாட்டுப் போட்டால் நடுவில் விளம்பரம், டேட்டா முடிந்த செய்தி, "அக்கா, சட்டை முடிஞ்சுதா" என்று ஒரு அழைப்பு. றேடியோ ஒன்றும் கேட்காது. மேசையில் வைத்தால் தன் பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும்.

ஆனால் முதல் இரவு பெரிய ஏமாற்றம். பண்பலையில் கொழும்புத் தமிழ் நிலையங்கள் பளிச்சென்று வந்தன; மத்திய அலைக்குப் போனால் வெறும் இரைச்சல். அப்பா திருச்சி வானொலி கேட்ட 936 கிலோஹெர்ட்ஸைத் தேடினால், 930க்குப் பிறகு நேரே 940க்குத் தாவுகிறது. மருமகனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டபின்தான் விளங்கியது. நம்ம பக்கத்து மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, அமெரிக்காவில்தான் 10. என் கைக்கு வந்தது 10இல் நின்றது. 9க்கு மாற்றியதும் 936 அகப்பட்டது. வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரித்தவுடன் இதைப் பாருங்கள், பிறகு மற்றதெல்லாம்.

936 வந்தது, அதோடு "ர்ர்ர்ர்" என்று ஒரு வண்டும் வந்தது. நான் தைத்தால் வண்டு இரைகிறது, நிறுத்தினால் வண்டும் நிற்கிறது. அன்றைக்கு இரவு முழுக்க மிதித்து மிதித்துப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். மெசின் மோட்டர் சுற்றும்போது உள்ளே கார்பன் பிரஷ் உரசுகிறதே, அதில் தெறிக்கும் பொறி மத்திய அலைக்கு ஆகாது. எல்ஈடி பல்பு சிலதும் அப்படித்தான்; என் தையல் மேசைக்கு மேலே இருந்ததைக் கழற்றி வேறு போட்டேன். மெசினுக்கு என்ன செய்வது? அம்மாவின் பெடல் மெசின் பின் அறையில் சேலை மூடிக் கிடந்தது. வாருக்குப் புது வார், எண்ணெய் நாலு சொட்டு. இப்போது பகலில் மோட்டர், இரவில் பெடல். இரவு வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது, சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கதி. மேலே இழுக்கிற ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் மட்டும்தான். மத்திய அலைக்குப் பெட்டிக்குள்ளேயே ஏரியலாக ஒரு ஃபெரைட் குச்சி கிடக்கிறது. அதனால் ஏரியலை எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை, றேடியோவையே திருப்ப வேண்டும். என் மேசையில் அதன் முகம் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமி மலைப் பக்கம், முதுகு திருச்சிப் பக்கம். அப்படி வைத்தால் தெளிவு. கால்வட்டம் திருப்பினால் அறிவிப்பாளர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். மேசையில் சோக்கட்டியால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், துணிக்குப் போடுவது மாதிரி.

சிற்றலையில் பழைய கூட்டம் இல்லை. அப்பா இரவு ஒன்பதே காலுக்கு வாசலில் கதிரை போட்டுக் கேட்ட பிபிசி தமிழோசை 2017 ஏப்ரல் 30ஓடு நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு ஒரு தரம் சும்மா திருகிப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நிலாவெளி தாண்டிப் போனால் ஜெர்மன்காரர் 1984இல் தொடங்கிய சிற்றலை நிலையம் இருக்கிறது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். சிற்றலை வானத்தில் பட்டுத் தூரத்தில் போய் விழுகிற அலை. நம்ம ஊரில் சமைத்தது, பந்தி எங்கேயோ.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது எஸ்எஸ்பி என்கிற பொத்தான்; ஒற்றைப் பக்க அலையில் வரும் பேச்சை விளங்க வைப்பது. 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு இரவு வாத்துக் கூட்டம் போல் குவாக் குவாக் என்றது. பொத்தானை அழுத்தி, பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நகத்தால் துளித்துளியாகத் திருகினேன். வாத்து மூக்கடைத்த ஆளாயிற்று, அப்புறம் கட்டைக்குரல் ஆளாயிற்று, அப்புறம் சட்டென்று பக்கத்தில் நின்று கதைக்கிறது போல, "இங்க நல்ல மழை சார், சாப்பிட்டாச்சா?" தமிழ்நாட்டில் இருந்து யாரோ ஹாம் வானொலிக்காரர், பொழுதுபோக்காகச் சொந்த வானொலியில் கதைக்கிறவர். பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஊசி விரலில் ஏறியதும் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. சார்ஜ் போடும் வாய் மைக்ரோ யூஎஸ்பி, போன் வயர் பொருந்தாது. மெமரி கார்ட் போட இடமில்லை. பிடித்த பாட்டைப் பிடித்த நேரம் கேட்க நினைக்கிறவர்களுக்கு இது சரிவராது. எழுத்துகள் பொடி, கண்ணாடி வேண்டும். ஸ்பீக்கர் ஒன்றுதான், பேச்சுக்குத் திறம், நாதஸ்வரத்துக்கு அவ்வளவு காணாது. இயர்போன் போட்டால் பண்பலை ஸ்டீரியோவில் வடிவாக இருக்கும், ஆனால் வாசலில் ஆள் கூப்பிட்டால் கேட்காதே.

பற்றரி விஷயத்தில் மட்டும் கும்பிடலாம். பிஎல்-5சி, நோக்கியா 1100இல் இருந்த அதே வகை. போன கிழமை கரண்ட் போன இரவில் இதன் சார்ஜும் முடிந்துபோனது. நூல்கண்டு லாச்சியில் அப்பாவின் பழைய போன் கிடந்தது. அதன் பற்றரி ஊதிப்போய்விட்டது, போடவில்லை. மறுநாள் டவுனில் இரண்டு புதிது வாங்கினேன். கடைக்காரத் தம்பி, "அன்ரி, இன்னும் அந்தப் போனா வச்சிருக்கிறியள்?" என்று கேட்டான். ஓம் என்றேன். விளக்கப்போனால் 936இல் செய்தி தவறிவிடும்.