கூப்பர்ஸ் டேவர்ன்: பர்ட்டன் நகரை அறிய ஏற்ற பப்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில், ட்ரெண்ட் ஆற்றங்கரையில் அமைந்த பர்ட்டன் நகருக்குச் செல்பவர்கள், ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரத்தில் கிராஸ் ஸ்ட்ரீட்டில் இருக்கும் கூப்பர்ஸ் டேவர்ன் என்ற மதுக்கூடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நகரின் பீர் அருங்காட்சியகம் 2022இல் மூடப்பட்ட பிறகு, அந்த ஊரின் வரலாற்றை நேரடியாக உணர இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் கருத்து.

ஒரு காலத்தில் இந்த ஊரின் பீர் நிறுவனமான பாஸின் கிடங்காக இருந்த இந்தக் கட்டடத்தின் பின்கட்டில்தான் அதன் உயிர் இருக்கிறது. அங்கே பீப்பாய்களை மரத்தாங்கிகளின் மேல் படுக்கவைத்திருக்கிறார்கள். கேட்டவுடன் பீப்பாயின் குழாயைத் திறந்து நேராகக் கண்ணாடிக் குவளையில் பிடித்துத் தருகிறார்கள். இடையில் பம்பு எதுவும் இல்லாததால் நுரை குறைவாகவும் சுவை மென்மையாகவும் இருக்கிறது. செம்பொன் நிறமும் 4.4 சதவீத ஆல்கஹாலும் கொண்ட, அந்நிறுவனத்தின் பெயர் தாங்கிய டிராஃப்ட் பாஸ் பீரை மூக்கருகே கொண்டு சென்றால், தீக்குச்சியை உரசியதும் எழுவது போன்ற மெல்லிய கந்தக வாசனை முதலில் வருகிறது; அதன் பின் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியத்தின்) இனிப்பும், நாவை உலர்த்தும் தெளிவான கசப்பும் வருகின்றன.

அந்தக் கந்தக வாசனையைக் குறையென்று நினைத்துவிடக் கூடாது. அது இந்த ஊர்த் தண்ணீரின் அடையாளம். ஜிப்சம் படிவுகளின் வழியே ஊறி வரும் கிணற்று நீரில் கால்சியம் சல்பேட் மிகுந்திருப்பதால், பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு எடுப்பாகத் தெரிகிறது, பீரும் நன்கு தெளிகிறது. 1002ஆம் ஆண்டையொட்டி நிறுவப்பட்ட மடாலயத்தின் துறவிகள் காய்ச்சத் தொடங்கிய இந்த ஊர் பீர், 18ஆம் நூற்றாண்டில் ட்ரெண்ட் ஆற்றின் வழியே ஹல் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து ரஷ்யா வரை சென்றது. நெப்போலியன் காலப் போர்களாலும் ரஷ்யாவின் சுங்கவரியாலும் அந்த வணிகம் நொடித்தபோது, 1820களில் ஆல்சாப் நிறுவனமும் அடுத்து பாஸும் இந்தியச் சந்தைக்கென ஹாப்ஸ் மிகுந்த வெளிர்நிற 'ஏல்' வகைப் பீரைக் காய்ச்சி, கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் பல மாதக் கடற்பயணத்தில் அனுப்பின. லண்டன் காய்ச்சுநர்கள் முன்னரே பிடித்து வைத்திருந்த சந்தையை இவர்கள் கைப்பற்றியதற்குத் தண்ணீரே பெருந்துணை. 1839இல் ரயில் வந்தது. 1880ஆம் ஆண்டளவில் 30க்கும் மேற்பட்ட ஆலைகள் இந்தச் சிறிய ஊரில் இயங்கின. 1777இல் தொடங்கிய பாஸின் சிவப்பு முக்கோணம், 1876இல் பிரிட்டனின் முதல் பதிவு வணிகச் சின்னமானது.

இன்று பாஸின் பழைய ஆலை வேறு கைக்கு மாறிவிட்டது. 2005 முதல் பாஸ் ஏலை அதே ஊரின் மார்ஸ்டன்ஸ் ஆலையில் காய்ச்சத் தொடங்கினார்கள். பீப்பாய்களை வரிசையாக இணைத்து, பொங்கும் ஈஸ்டை மேலே தொட்டியில் ஏற்றிப் பிரிக்கும் 'பர்ட்டன் யூனியன்' முறையை, தன் பெடிக்ரீ ஏலுக்காகக் கடைசிவரை காத்துவந்த அந்த ஆலையும் 2024இல் கைவிட்டது. தண்ணீரைப் போலவே இந்த ஊருக்கு உரிய ஒன்று அது. அதன் இழப்பு வருத்தம் தருகிறது. அந்தப் பீப்பாய் அமைப்புகளில் ஒரு தொகுதியையாவது டெர்பிஷயரின் தார்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துக் காய்ச்சுவது சற்று ஆறுதல்.

பனிக்கட்டி போல் குளிர்ந்த லாகர் வகைப் பீரை விரும்புவோருக்கு இந்த இடம் ஏற்றதல்ல. நிலவறைக் குளிர்ச்சியில்தான் ஏலின் மணம் விரியும். முதலில் பாஸை அருந்திவிட்டு, பிறகு இந்தப் பப்பை நடத்தும் ஜூல்ஸ் நிறுவனத்தின் வெளிர் ஏலைக் கேளுங்கள். இரண்டையும் பின்கட்டில் பீப்பாய்களுக்கு அருகிலேயே அமர்ந்து அருந்துவது நல்லது.