பெர்பியூஷன் கருவி வாங்க இருப்பவர்கள் கவனம்

ஆய்வுகூடத்துக்கு முப்பரிமாணக் கலவளர்ப்புக் கருவி தேடும் ஆட்கள், முக்கியமாக வடக்கு கிழக்கில் இருப்பவர்கள், பணம் கட்ட முன் இதை வாசியுங்கள். கொழும்பு முகவர் ஒருவரிடம் நாங்கள் நன்றாக ஏமாந்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சிறிய குழு தொப்புள்கொடி ஸ்டெம் செல்களில் இருந்து எலும்பு இழையம் வளர்க்கப் பார்க்கிறது. சும்மா தட்டில் வைத்தால், கலங்கள் பற்றி வளரும் நுண்துளைச் சட்டமான சாரத்தின் நடுவில் உள்ள கலங்கள் பிழைக்காது. ஒட்சிசன் 100, 200 மைக்ரோமீற்றருக்கு மேல் ஊறிப் போகாது. அதனால்தான் ஊடகத்தை, அதாவது கலங்களுக்கான ஊட்டத் திரவத்தை, பம்பால் உள்ளே ஓட்டும் பெர்பியூஷன் கருவி தேவைப்பட்டது.

கொட்டேசனில் 'பொலிகாபனேற்று அறை, 121 பாகை செல்சியஸில் ஓட்டோகிளேவ் செய்யலாம்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. அறை என்பது கலங்களை வைக்கும் பகுதி; ஓட்டோகிளேவ் என்பது உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். முதல் தடவை ஓட்டோகிளேவைத் திறந்தபோதே மூடி தோணி மாதிரி வளைந்து கிடந்தது. கேட்டால், "நீங்கள் சூட்டைக் கூட்டிவிட்டீர்கள்" என்கிறார். பெட்டியின் அடியில் கிடந்த தயாரிப்பாளரின் சிறு கையேட்டைப் பிரித்துப் பார்த்தோம். அறை அக்ரிலிக். அது 105 பாகையளவிலேயே இளகிவிடும்.

சண்டை பிடித்த பிறகு மாற்று அறை வந்தது, அதுவும் அக்ரிலிக்தான். அவர்களின் ஆளே நேரில் வந்து, "இதற்கு ஓட்டோகிளேவ் வேண்டாம், இது போதும்" என்று 70 வீத அற்ககோலால் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். அழுத்தத்தில் இருக்கும் அக்ரிலிக்கில் அற்ககோல் பட்டால் வெடிப்பு விடும். விட்டது. திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு, கலங்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்கியுபேட்டரின் தட்டில் ஊடகம் இளஞ்சிவப்பாகக் காய்ந்த தடம், உள்ளே பங்கசு. ஒரு தாய் எங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுத் தந்த தொப்புள்கொடியில் இருந்து வந்த கலங்கள் அவை. பணத்தை விட அதுதான் எனக்கு ஆறவில்லை.

வாங்குவதென்றால் மாதிரி இலக்கத்தைக் கேட்டெடுத்து, அறை எந்தப் பொருளால் ஆனது என்று தயாரிப்பாளரிடமே எழுத்தில் வாங்குங்கள். முகவரின் வாய்ச்சொல் போதாது. உங்கள் கண் முன்னால் ஓட்டோகிளேவ் செய்து, வெறும் தண்ணீரை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, கசிவில்லை என்று கண்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பம்பை இன்கியுபேட்டரின் ஈரப்பதனுக்குள் வைக்கலாமா என்பதையும் கேளுங்கள், எல்லா மோட்டரும் அதைத் தாங்காது.

எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. அதே படம், அதே வாசகத்தோடு கொட்டேசன் இப்போது மட்டக்களப்புக்கும் போயிருப்பதாகக் கேள்வி. உங்களுக்கும் வந்திருந்தால் ஒரு செய்தி போடுங்கள், கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.