வேல்ஸ் நிலக்கரிப் பகுதியின் இரு பத்திரிகைகள்: திருகோணமலை வாசகர் எதில் தொடங்கலாம்?

பிரித்தானியக் கடற்படையின் நீராவிக் கப்பல்கள் தெற்கு வேல்ஸ் நிலக்கரியையே பெரிதும் விரும்பியமையால், கடற்படைத் தளமாக விளங்கிய திருகோணமலையின் வரலாற்றைத் தேடுவோருக்கு அச்சுரங்கப் பகுதியின் பழைய பத்திரிகைகளும் பயன்படும்.

'வெஸ்டேர்ன் மெயில்' 1869இல் கார்டிஃப் நகரில் ஆங்கில நாளிதழாகத் தொடங்கியது. அதை நிறுவிய பியூட் பிரபுவின் குடும்பத்துக்கே அந்நகரின் கப்பற்றுறைகளும் சொந்தமாயிருந்தன. பத்திரிகை எவர் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. ஆயினும் 1898இல் சுரங்க முதலாளிகள் மாதக்கணக்கில் கதவடைப்பு நடத்தியபோது, அதன் கேலிச்சித்திரக்காரர் ஸ்டானிஃபோர்த், உயர்ந்த தொப்பியும் சால்வையும் அணிந்த வேல்ஸ் மாதுவின் உருவத்தில் மக்களின் துயரத்தையும் வரைந்து காட்டினார்.

'தாரியன் அ க்வைத்தியுர்' வேறு வகையானது. 1875இல் சுரங்க ஊரான அபர்டேரில் வேல்ஸ் மொழி வார இதழாகத் தோன்றி, பிற்காலத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்டு 1934 வரை வெளிவந்த அது, தொழிலாளரை நோக்கியே எழுதப்பட்டது. கவிதைக்கும் அதில் இடமிருந்தது.

துறைமுகத்தையும் நிலக்கரி வணிகத்தையும் ஆராய்பவர், மொழித்தடையும் இல்லாத முதலாவதில் தொடங்குவதே வசதி. சுரங்கத் தொழிலாளி தன் மொழியில் எதைப் படித்தான் என்று அறிய விரும்புபவருக்கோ, மொழிபெயர்ப்புச் சிரமம் இருந்தாலும், இரண்டாவதே என் தெரிவு. அதன் பழைய இதழ்களை வேல்ஸ் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது.